சிக்னல் முழுதாக இருந்தும் பேச்சு ஏன் உடைகிறது? செல்பேசி அலைவரிசைகளின் பங்கீடும் குறுக்கீடும்

கேள்வி மூன்று பகுதிகளாக வந்திருக்கிறது. கைபேசியில் சிக்னல் கோடுகள் எல்லாம் தெரியும்போதும் பேச்சு உடைவதும் இணையம் நகராமல் நிற்பதும் ஏன்? கோபுரங்களின் ஒலிபரப்புத் திறனைக் கூட்டினால் சரியாகிவிடாதா? இல்லையென்றால், ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனி அலைவரிசை கொடுத்து மோதலே இல்லாமல் செய்துவிடலாமே? இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. செல்பேசி அமைப்பு எந்த அடிப்படையில் கட்டப்பட்டது என்பது புரிந்தால் மூன்றுக்கும் விடை சேர்ந்தே கிடைக்கும்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கைபேசிக்கு வந்து சேரும் சிக்னல் எவ்வளவு பலமானது என்பது பாதிக் கேள்விதான். அதே அலைவரிசையில் வேறு கோபுரங்களிலிருந்து வந்து சேரும் வேண்டாத சிக்னல்களின் கூட்டுத்தொகையைவிட அது எத்தனை மடங்கு பெரியது என்பதுதான் பேச்சின் தரத்தைத் தீர்மானிக்கிறது. பொறியாளர்கள் இந்த விகிதத்தை டெசிபலில் சொல்வார்கள்: 3 டெசிபல் என்றால் ஏறக்குறைய இருமடங்கு, 10 என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு. வட அமெரிக்காவின் முதல் தலைமுறை அனலாக் அமைப்பான ஆம்ப்ஸுக்கு இந்த விகிதம் ஏறத்தாழ 18 டெசிபல், அதாவது அறுபது மடங்குக்குச் சற்று மேல், தேவைப்பட்டது. இரண்டாம் தலைமுறையின் ஜிஎஸ்எம் 9 டெசிபலிலேயே, அதாவது எட்டு மடங்கிலேயே, பேச்சைக் காப்பாற்றிக்கொள்ளும். திரையில் தெரியும் கோடுகள் இந்த விகிதத்தைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. வந்து சேரும் பலத்தையே காட்டுகின்றன. ஆகவே கோடுகள் முழுதாக இருப்பதும் பேச்சு உடைவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

திறனைக் கூட்டுவது ஏன் மருந்தாகாது என்பதும் இதிலிருந்தே வருகிறது. உங்கள் கோபுரம் மட்டும் பத்து மடங்கு உரத்துப் பேசினால் உங்கள் விகிதம் பத்து மடங்கு உயரும்; அதே அலைவரிசையைப் பயன்படுத்தும் அடுத்த கோபுரத்தின் வாடிக்கையாளர்களின் விகிதம் அந்த அளவுக்குச் சரியும். அவர்களும் தம் பங்குக்குத் திறனைக் கூட்டினால் மேலேயுள்ள எண்ணும் கீழேயுள்ள எண்ணும் சேர்ந்து பத்து மடங்காகி, விகிதம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மின்செலவு மட்டும் கூடியிருக்கும். திறனைக் கூட்டுவது உண்மையிலேயே உதவும் இடங்கள் உண்டு: வேறு கோபுரமே எட்டாத வெட்டவெளியின் ஓரம், நிலவறை, தடித்த சுவருக்குப் பின்னாலுள்ள அறை. அங்கெல்லாம் எதிரி, சிக்னலை வாங்கும் கருவியின் மின்சுற்றிலேயே எழும் வெப்ப இரைச்சல். அதைத் தாண்டப் பலம் வேண்டும். நகர்ப்புறச் செல்பேசி வலையமைப்பு அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அங்கே இரைச்சலைவிடப் பல ஆயிரம் மடங்கு பலத்தோடு சிக்னல் வந்து சேர்ந்தும், குறுக்கீடு அதற்கு நிகராக வந்துவிடுவதால் பேச்சு கெடுகிறது.

இனி, ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனி அலைவரிசை என்ற யோசனைக்கு வருகிறேன். ஒருவகையில் உலகம் அங்கிருந்துதான் தொடங்கியது. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய வாகனத் தொலைபேசிச் சேவையில், நகருக்கு நடுவே உயரமான ஓர் ஆண்டெனாவை நிறுத்தி, அதிகத் திறனோடு முழு நகரத்துக்கும் ஒலிபரப்பினார்கள். ஒரு சேனலில் ஒருவர் பேசத் தொடங்கினால் அந்த வட்டாரம் முழுவதிலும் அந்தச் சேனல் முடங்கிவிடும். 1976இல்கூட நியூயார்க் போன்ற மாநகர வட்டாரத்தில் பெல் நிறுவனத்தின் வாகனத் தொலைபேசிக்குப் பன்னிரண்டு சேனல்களே இருந்தன. வாடிக்கையாளர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர், காத்திருந்தவர்களோ ஆயிரக்கணக்கானோர். குறுக்கீடு என்ற தொல்லை அங்கே இல்லை. சேவை என்று சொல்லத்தக்க அளவுக்கு இடமும் இல்லை.

மாற்று வழியை பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் 1947 டிசம்பரிலேயே ஓர் உள் அறிக்கையாக எழுதி வைத்திருந்தார். நகரத்தைச் சிறு சிறு செல்களாகப் பிரித்து, ஒவ்வொரு செல்லிலும் குறைந்த திறனில் ஒலிபரப்பி, போதிய தொலைவுக்கு அப்பால் அதே அலைவரிசையைத் திரும்பவும் பயன்படுத்துவது என்பதே அந்த யோசனை. கைபேசி ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது அழைப்பை அறுக்காமல் மாற்றிக் கொடுக்கும் கணினிக் கட்டுப்பாடும், அதற்கு ஒதுக்க அலைக்கற்றையும் வந்து சேர மூன்று பத்தாண்டுகள் பிடித்தன. டோக்கியோவில் 1979இல் முதல் வணிகச் சேவை தொடங்கியது; சிகாகோவில் ஆம்ப்ஸ் 1983 அக்டோபரில் தொடங்கியது.

இந்த யோசனையில் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. அலைவரிசையைத் திரும்பப் பயன்படுத்தும் அந்தக் கணத்திலேயே குறுக்கீட்டை நாமே உருவாக்கிவிடுகிறோம். எனவே செல்பேசிப் பொறியியலில் குறுக்கீடு என்பது துடைத்து அகற்றப்பட வேண்டிய கறையாக ஒருபோதும் இருந்ததில்லை. குறுக்கீடே இல்லாத வலையமைப்பு, அலைக்கற்றையை வீணடிக்கும் வலையமைப்பு. எவ்வளவு குறுக்கீட்டைத் தாங்க முடியும் என்று கணக்கிட்டு, அந்த எல்லை வரைக்கும் துணிந்து நெருங்குவதே இந்தத் தொழிலின் மையம். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். இது மனத்தில் பதியாதவரை மற்ற எல்லா நுட்பங்களும் தனித்தனித் தந்திரங்களாகவே தோன்றும்.

எவ்வளவு நெருங்கலாம் என்ற கணக்கு அழகானது. செல்களை அறுகோணங்களாக வைத்துக்கொள்வோம். உண்மையான செல் எதுவும் அறுகோணமாக இருக்காது என்றாலும், இடைவெளி விடாமல் தளத்தை நிரப்பும் வடிவங்களில் வட்டத்துக்கு மிக நெருங்கியது அதுவே. கையிலுள்ள சேனல்களைப் பல குழுக்களாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு வெவ்வேறு குழுவைத் தர வேண்டும். எல்லாக் குழுக்களும் ஒருமுறை வந்து முடியும் செல்களின் தொகுப்பைக் கொத்து என்போம். கொத்தில் எத்தனை செல்கள் இருக்கலாம் என்பது நம் விருப்பம் அல்ல: இரண்டு முழு எண்களை எடுத்து, அவற்றின் வர்க்கங்களையும் பெருக்கற்பலனையும் கூட்டினால் வரும் எண்களே ஒழுங்காகத் திரும்பத் திரும்ப அடுக்க முடிந்தவை. அதனால் 1, 3, 4, 7, 9, 12, 13 என்று போகும் வரிசையில் 5க்கும் 6க்கும் இடமில்லை.

கொத்தின் எண்ணை 3ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் அருகிலுள்ள இரு செல்களின் மையங்களுக்கு இடையிலான தொலைவு, செல்லின் ஆரத்தைப் போல எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். ஏழு செல் கொத்துக்கு அது 21இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 4.6. நகரத் தரையில் சிக்னல் தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்பத் தேய்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு குறுக்கீட்டாளரைவிட நம் சிக்னல் 21இன் வர்க்கமான 441 மடங்கு பெரியதாக இருக்கும். சுற்றிலும் அத்தகைய செல்கள் ஆறு உண்டு. 441ஐ ஆறால் வகுத்தால் 73.5, அதாவது 18.7 டெசிபல். ஆம்ப்ஸுக்கு வேண்டிய 18 டெசிபலை அது மயிரிழையில் தாண்டுகிறது. முதல் தலைமுறையில் ஏழு என்ற எண் எங்கும் வந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். நான்கு செல் கொத்தில் இதே கணக்கு 13.8 டெசிபல் தருகிறது. மூன்று செல் கொத்தில் 11.3. ஜிஎஸ்எம் 9 டெசிபலில் வேலை செய்யும் என்பதால் இந்தச் சிறு கொத்துகள் அதற்குத் திறந்தன. ஒரு நிறுவனத்துக்கு 395 பேச்சுச் சேனல்கள் இருந்தால், ஏழாகப் பிரிக்கும்போது ஒரு செல்லுக்கு 56தான் கிடைக்கும்; நான்காகப் பிரித்தால் 98. தாங்கும் விகிதத்தில் சில டெசிபல்களைக் குறைத்ததன் நேரடிப் பலன் அது.

இந்தக் கணக்கில் நான்காம் அடுக்கு என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டேன்; அதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. தடையற்ற வெளியில் தொலைவு இருமடங்கானால் சிக்னல் நான்கில் ஒன்றாகிறது. தரையும் கட்டடங்களும் குறுக்கே வரும் நிலப்பரப்பில் அது பதினாறில் ஒன்றாகிறது. நம் சிக்னலைத் தேய்க்கும் அதே தடைகள் தூரத்துக் குறுக்கீட்டை அதைவிட வேகமாகத் தேய்க்கின்றன. கட்டடங்கள் சிக்னலைத் தடுக்கின்றன என்று நாம் குறைபட்டுக்கொண்டாலும், அவை இல்லாவிட்டால் அலைவரிசையை இவ்வளவு நெருக்கமாகத் திரும்பப் பயன்படுத்தவே முடியாது. பெரிய ஏரிக்கரையிலும் நீண்ட பாலத்தின் மேலும் உயர்ந்த அடுக்குமாடியின் மேல்தளங்களிலும் குறுக்கீட்டுப் புகார்கள் அதிகம் வருவதற்கு, அங்கே இந்தத் தடைகள் இல்லாமல் போவதே காரணம். இருபதாம் மாடியிலுள்ள கைபேசிக்குத் தொலைவிலுள்ள பத்துக் கோபுரங்கள் தடையின்றித் தெரியும்; எல்லாமே பலமாக வரும், எதுவுமே மற்றவற்றைவிடத் தனித்து ஓங்கி நிற்காது. கேள்வி கேட்டவரின் முழுக் கோடுகளுக்கும் உடையும் பேச்சுக்கும் இது மிக வழக்கமான விளக்கங்களில் ஒன்று.

வாடிக்கையாளர் பெருகும்போது செல்லைச் சிறிதாக்குவார்கள். ஆரத்தைப் பாதியாக்கினால் அதே பரப்பில் நான்கு மடங்கு செல்கள் வரும். சேனல்களும் நான்கு மடங்கு பயன்படும். தொலைவு விகிதம் மாறாததால் குறுக்கீட்டு விகிதமும் மாறாது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு கோபுரத்தின் திறனும் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். திறனைக் கூட்டினால் சேவை மேம்படுமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. வலையமைப்பு வளர வளரக் கோபுரங்கள் மெதுவாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு வழி, ஒரே கோபுரத்திலிருந்து மூன்று திசைகளுக்கு மூன்று ஆண்டெனாக்களை வைத்துச் செல்லைக் கூறுகளாகப் பிரிப்பது. 120 பாகைக் கூறு ஒன்று முன்பக்கமே பார்ப்பதால், ஆறு குறுக்கீட்டாளர்களில் இரண்டு பேரே அதைப் பாதிப்பார்கள். விகிதம் மும்மடங்காகும், அதாவது சுமார் 5 டெசிபல் கூடும். இதற்கும் விலை உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, 57 சேனல்களை ஒரே குவியலாக வைத்து நூற்றுக்கு இரண்டு அழைப்புகள் மட்டும் தவறலாம் என்று அனுமதித்தால், அவை ஏறத்தாழ 47 எர்லாங் போக்குவரத்தைத் தாங்கும். அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் 47 பேச்சுகள். அதே 57ஐப் பத்தொன்பது பத்தொன்பதாக மூன்று கூறுகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொன்றும் 12.3 எர்லாங்தான் தாங்கும்; மொத்தம் 37. ஒரு கூறில் சேனல் காலியாகக் கிடக்கும்போது பக்கத்துக் கூறில் அழைப்பு மறுக்கப்படுவதால் வரும் இழப்பு இது. இருந்தாலும், கூறுபோட்டதால் கிடைத்த 5 டெசிபலைக் கொண்டு கொத்தை ஏழிலிருந்து நான்காகச் சுருக்கினால், இழந்ததைவிட அதிகமாகவே மீட்டுவிடலாம். அதனால்தான் இன்று மூன்று கூறு இல்லாத பெரிய கோபுரத்தைக் காண்பது அரிதாக இருக்கிறது.

எந்தச் சேனலை எந்தச் செல்லுக்குக் கொடுப்பது என்ற பங்கீட்டில், ஒரே அலைவரிசையின் மோதலோடு அண்டை அலைவரிசைகளின் மோதலையும் பார்க்க வேண்டும். எந்த வடிகட்டியும் சேனலின் விளிம்பில் கத்தி வைத்தாற்போல் வெட்டுவதில்லை. ஓரளவு பக்கத்துச் சேனலுக்குள் கசியத்தான் செய்யும். ஜிஎஸ்எம்மில் 200 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் அடுத்த அலைவரிசை நம்முடையதைவிட 9 டெசிபல் பெரியதாக இருந்தாலும் தாங்கலாம். அதற்கு மேல் போனால் தாங்காது. கோபுரத்துக்கு அருகில் நிற்பவரின் கைபேசியும் செல்லின் ஓரத்தில் நிற்பவரின் கைபேசியும் அடுத்தடுத்த அலைவரிசைகளில் பேசினால், அருகிலிருப்பவரின் கசிவே ஓரத்திலிருப்பவரின் முழுக்குரலையும் மூழ்கடித்துவிடும். ஆகவே ஒரே கோபுரத்தில் அடுத்தடுத்த எண்கள் வராமல் இடைவெளி விட்டே ஒதுக்குவார்கள்.

நிபந்தனைகள் இப்படிச் சேரச் சேர, பங்கீடு என்பது வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் கணிதப் புதிராக மாறுகிறது: செல்கள் புள்ளிகள், ஒன்றையொன்று பாதிக்கும் செல்களை இணைப்பவை கோடுகள், அலைவரிசைகள் வண்ணங்கள். சில ஆயிரம் செல்களுக்கு மிகச் சிறந்த விடையை நிச்சயமாகக் கண்டுபிடித்துவிடும் வேகமான செய்முறை எதுவும் அறியப்படவில்லை. பெர்லினிலுள்ள சூசே கணித மையத்தில் மார்ட்டின் குரோட்ஷெலும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் ஒரு ஜெர்மன் செல்பேசி நிறுவனத்தின் உண்மைத் தரவுகளைக் கொண்டே இந்தப் புதிரை ஆராய்ந்தார்கள். ஆனால் நடைமுறையில் கணிதத்தைவிட அளவீடு முக்கியம் என்பதே என் எண்ணம். எந்தச் செல் எந்தச் செல்லை உண்மையில் எட்டுகிறது என்பதைக் கணினி மாதிரி தவறாகச் சொன்னால், அதன்மேல் கட்டப்படும் பங்கீடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் தவறாகவே முடியும். நிலப்படத்தை நம்பித் திட்டமிட்டதைவிட, வாடிக்கையாளர்களின் கைபேசிகளே அனுப்பும் அளவீட்டு அறிக்கைகளைத் தொகுத்துத் திட்டமிடும்போது நல்ல பலன் கிடைக்கிறது.

நிலையான பங்கீட்டுக்கு மாற்றாக, தேவைக்கேற்பச் சேனலைக் கேட்டு வாங்கும் முறைகளும் உண்டு. பக்கத்துச் செல்லில் சும்மா கிடக்கும் சேனலைக் கடன் வாங்குவது ஒன்று. ஆனால் கடன் கொடுத்த செல் மட்டுமல்லாமல், அதே சேனலைப் பயன்படுத்தும் சுற்றியுள்ள செல்களும் அதைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதால், நெரிசல் உச்சத்தில் கடன் வாங்குவது நன்மையைவிடத் தீங்காக முடியும். ஐரோப்பாவின் டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி இதில் துணிச்சலான முடிவை எடுத்தது: அதற்குத் திட்டமே கிடையாது. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் பத்து அலைவரிசைகளும் பன்னிரண்டு இரட்டை நேரத்துண்டுகளும் (பேச ஒன்று, கேட்க ஒன்று) சேர்ந்து 120 சேனல்களாகின்றன. கருவி தானே எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்து, எது அமைதியாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இது மிகச் சிறப்பாகப் பொருந்தியது.

ஜிஎஸ்எம் வந்தபோது குறுக்கீட்டைச் சமாளிக்கும் கருவிகள் பெருகின. கைபேசியும் கோபுரமும் தேவைக்கு மேல் உரத்துப் பேசாதபடி 2 டெசிபல் படிகளில் திறனைக் குறைத்துக்கொள்ளும். ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய கைபேசி பெரும்பாலும் ஒலிபரப்பை நிறுத்திவிடும். உரையாடலில் ஒருவர் பாதி நேரம்கூடப் பேசுவதில்லை என்பதால் இதில் கிடைக்கும் அமைதி பெரிது. எனக்கு மிகவும் பிடித்தது அலைவரிசைத் தாவல். விநாடிக்கு 217 முறை அலைவரிசையை மாற்றிக்கொண்டே போகும்போது, ஒரு குறிப்பிட்ட குறுக்கீட்டாளரிடம் ஒரே பயனர் சிக்கிக்கொண்டு முழு அழைப்பையும் இழக்கும் நிலை மாறி, ஒவ்வொருவருக்கும் சிறிது சிறிது அடி விழுகிறது. பேச்சின் துண்டுகளைக் கலைத்து அடுக்கிப் பிழைதிருத்தக் குறியீட்டோடு அனுப்புவதால், அங்கங்கே விழும் சிறு அடிகளைச் சிக்னலை வாங்கும் கருவி சரிசெய்துகொள்கிறது. மொத்தக் குறுக்கீடு குறைந்துவிடவில்லை. எல்லாருக்குமாகப் பகிரப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஆனால் செல்லை அறிவிக்கும் ஒலிபரப்பு அலைவரிசை மட்டும் தாவாமல், திறன் குறைக்காமல், எல்லா நேரத்துண்டுகளிலும் முழுப் பலத்தோடு ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். கைபேசிகள் அதை அளந்துதான் பக்கத்துச் செல்களை மதிப்பிடுகின்றன. அதனால் அந்த அலைவரிசைகளுக்குப் பெரிய கொத்தும் மற்றவற்றுக்குச் சிறிய கொத்தும் என்று இரண்டடுக்காகத் திட்டமிடுவது வழக்கமானது.

சிடிஎம்ஏ இன்னும் ஒரு படி தாண்டிச் சென்று, கொத்தையே ஒன்றாக்கியது: எல்லாச் செல்களிலும் எல்லாரும் ஒரே அகன்ற அலைவரிசையில் பேசுவார்கள், குறியீடு மட்டும் வேறுபடும். 1995இல் ஹாங்காங்கில் வணிகச் சேவையாகத் தொடங்கிய இந்த முறையில் அலைவரிசைத் திட்டம் என்ற வேலையே மறைந்து, அதன் முழுச் சுமையும் திறன் கட்டுப்பாட்டின் தோளில் விழுந்தது. நூறு மீட்டரில் நிற்பவரும் இரண்டு கிலோமீட்டரில் நிற்பவரும் ஒரே திறனில் பேசினால், நான்காம் அடுக்குக் கணக்கின்படி அருகிலிருப்பவர் 1,60,000 மடங்கு பலமாகக் கேட்பார். தொலைவிலிருப்பவர் இருப்பதே தெரியாது. அதனால் ஒவ்வொரு கைபேசிக்கும் விநாடிக்கு 800 முறையும், பின்னர் வந்த 3ஜியில் 1500 முறையும், கூட்டு அல்லது குறை என்று கோபுரம் கட்டளையிட்டபடி இருக்கும். இங்கே ஒவ்வொரு பயனரும் மற்ற எல்லாருக்கும் இரைச்சல் என்பதால், கூட்டம் கூடும்போது செல்லின் எல்லை உள்நோக்கிச் சுருங்கும். கூட்டம் கலைந்ததும் விரியும். செல் மூச்சுவிடுகிறது என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். காலையில் நன்றாகக் கிடைத்த இடத்தில் மாலையில் கிடைக்கவில்லை என்ற பழைய 3ஜி புகார்களில் கற்பனை எதுவும் இல்லை.

4ஜியிலும் 5ஜியிலும் ஒரு செல்லுக்குள் இருக்கும் பயனர்கள் ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை. அலைக்கற்றையைச் சிறு துண்டுகளாக வெட்டி, மில்லிவிநாடிக்கு ஒருமுறையோ அதைவிட வேகமாகவோ பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அடுத்த செல்லும் அதே துண்டுகளை அதே நேரத்தில் பயன்படுத்துகிறது. இரண்டு கோபுரங்களின் சிக்னலும் சமமாக வரும் ஓரத்தில் விகிதம் 0 டெசிபல். மூன்று சமமாக வந்தால் அதற்கும் கீழே 3 டெசிபல். தகவல் கோட்பாட்டை வகுத்த ஷானனின் எல்லைக் கணக்குப்படி, 20 டெசிபலில் ஒரு ஹெர்ட்ஸுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 6.7 பிட் வரை அனுப்பலாம். 0 டெசிபலில் ஒரு பிட்தான். ஒரே அறையின் இரு மூலைகளில் வேகம் ஆறு மடங்கு மாறுவது இதனால் நிகழக்கூடியதே. இந்த ஓரத்தைக் காப்பாற்ற, அண்டைக் கோபுரங்கள் தமக்குள் செய்தி பரிமாறி, எந்தத் துண்டில் உரத்துப் பேசப்போகின்றன என்று முன்கூட்டியே சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு 4ஜியின் முதல் பதிப்பிலேயே வந்தது. செல்லின் நடுவே இருப்பவர்களுக்கு எல்லாத் துண்டுகளையும் குறைந்த திறனில் கொடுத்து, ஓரத்திலிருப்பவர்களுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதல் திறனில், அண்டைச் செல்களோடு மோதாமல் ஒதுக்குவது அதன் ஒரு வடிவம். பெரிய கோபுரத்தின் நிழலில் சிறு செல்கள் வந்தபோது, பெரியது சில நேரத்துண்டுகளில் ஏறத்தாழ மௌனமாக இருந்து சிறியவற்றுக்கு வழிவிடும் முறை பின்னர் சேர்ந்தது.

அலைவரிசைத் திட்டம் போய்விட்டதே என்று நிம்மதி அடைந்தவர்களுக்கு வேறு எண்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு 4ஜி செல்லுக்கும் 504 அடையாள எண்களில் ஒன்று தரப்பட வேண்டும், 5ஜியில் 1008. பக்கத்துச் செல்கள் இரண்டின் எண்களை 3ஆல் வகுக்கும்போது இரண்டிலும் ஒரே மீதி வந்தால், 4ஜியில் கைபேசி செல்லைக் கண்டுகொள்ள உதவும் அவற்றின் ஒத்திசைவுக் குறியும் வழக்கமான இரட்டை ஆண்டெனா அமைப்பில் வழிகாட்டிக் குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, செல்கள் ஏறக்குறைய காலியாக இருக்கும்போதுகூட அளவீட்டைக் கெடுக்கும். பழைய வண்ணம் தீட்டும் புதிர் மூன்று வண்ணங்களோடு திரும்பி வந்ததாகவே இதைச் சொல்ல வேண்டும்.

இத்தனை நுட்பங்களுக்கும் பிறகு, அன்றாடப் பணியில் அதிகப் பலன் தருவது எது என்று கேட்டால், ஆண்டெனாவைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்ப்பது என்றே சொல்வேன். மிக உயரத்தில், சாய்வில்லாமல் நிற்கும் ஒரு கோபுரம் தன் எல்லையைத் தாண்டிப் பல செல்களுக்கு அப்பால் போய் விழும். அங்குள்ளவர்களின் கைபேசியில் கோடுகள் கூடும், விகிதம் குறையும். இரண்டு மூன்று பாகை சாய்த்ததும் அதன் சொந்தப் பகுதியில் சேவை மாறாமல், தொலைவிலுள்ள பத்துச் செல்களின் தரம் உயர்வதை அளவீடுகளில் பார்க்க முடியும். உயரமான கோபுரம் நல்ல கோபுரம் என்ற எண்ணம் 1946இன் எச்சம்.

வலையமைப்பு தனக்குத்தானே செய்துகொள்ளும் குறுக்கீட்டைத்தான் இதுவரை பேசினேன். திட்டத்தில் இல்லாமல் வந்து சேரும் குறுக்கீடுகள் தனி ரகம். துருப்பிடித்த திருகாணி, தளர்ந்த கேபிள் இணைப்பு, ஆண்டெனாவுக்கு முன்னால் கிடக்கும் பழைய உலோகத் தகடு ஆகியவை இரண்டு வலுவான அலைவரிசைகளைக் கலந்து புதிதாக ஒன்றைப் பிறப்பிக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு கோபுரம் 936இலும் 958இலும் ஒலிபரப்பினால், முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழிக்கும்போது 914 வரும். அது கைபேசிகள் பேசும் 890 முதல் 915 வரையுள்ள பட்டைக்குள் விழுகிறது. 20 வாட்டில் ஒலிபரப்பும் ஆண்டெனாவுக்குப் பக்கத்திலேயே, அதைவிட லட்சம் கோடி மடங்குக்கும் மேல் நலிந்த கைபேசிக் குரலைக் கேட்க வேண்டியிருப்பதால், இந்தக் கலவையின் மிகச் சிறு அளவும் செல்லைச் செவிடாக்கிவிடும். ஒருமுறை, மழை நாட்களில் மட்டும் நன்றாக வேலை செய்து வெயிலில் கெட்டுப்போகும் ஒரு செல்லைப் பல நாட்கள் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். வெப்பத்தில் விரிந்து தளர்ந்த ஓர் இணைப்பே காரணம் என்று கடைசியில் தெரிந்தது. அனுமதியில்லாமல் வீடுகளில் பொருத்தப்படும் சிக்னல் பெருக்கிகள் அதைவிடப் பெரிய தொல்லை. உள் ஆண்டெனாவும் வெளி ஆண்டெனாவும் போதிய தொலைவில் இல்லாவிட்டால் பெருக்கி தன் ஒலியைத் தானே கேட்டு ஊளையிடத் தொடங்கி, ஒரு வீட்டின் வசதிக்காகச் சுற்றுவட்டாரம் முழுவதிலும் கைபேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் மேல்வழிச் சேனலையும் கெடுத்துவிடும்.

அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் அமைப்புகளில், எல்லாக் கோபுரங்களும் ஒன்றோடொன்று சில மைக்ரோவிநாடிகளுக்குள் நேரம் ஒத்திருக்க வேண்டும். ஒன்று பேசும்போது மற்றது கேட்டுக்கொண்டிருந்தால் கோபுரமே கோபுரத்தை மூழ்கடிக்கும். நேரம் சரியாக இருந்தாலும், வெப்பநிலையும் ஈரப்பதமும் உயரத்தோடு இயல்புக்கு மாறாக மாறும் சில நாட்களில் வளிமண்டலத்தின் கீழடுக்கு ஒரு குழாய்போல் அலையைக் கொண்டுசென்று, சில நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தின் ஒலிபரப்பைத் தாமதமாகக் கொண்டுவந்து சேர்க்கும். 300 கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு ஒரு மில்லிவிநாடி ஆகும். கோபுரங்கள் விட்டுவைத்திருக்கும் மௌன இடைவெளி பெரும்பாலும் அதைவிடக் குறுகியது. இத்தகைய தொலைக் குறுக்கீட்டைக் கண்டறிந்து, எந்தக் கோபுரத்திலிருந்து வருகிறது என்று அடையாளம் காணும் முறை 5ஜி தரநிலையின் பதினாறாம் வெளியீட்டில் சேர்க்கப்பட்டது.

உங்கள் கைபேசியில் நடப்பது எது என்று நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். ஐபோனில் *3001#12345# என்று அழைத்தாலோ, ஆண்ட்ராய்டில் வலையமைப்பு அளவைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்தாலோ, 4ஜிக்கு இரண்டு எண்கள் கிடைக்கும். ஒன்று ஆர்எஸ்ஆர்பி, வந்து சேரும் பலம். அது -80க்கு மேல் இருந்தால் மிக நல்லது, -110க்குக் கீழே போனால் நலிந்தது. இன்னொன்று எஸ்ஐஎன்ஆர், நாம் இவ்வளவு நேரம் பேசிய விகிதம். 20 என்றால் சிறப்பு, 0ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் குறுக்கீடு. முதலாவது நலிந்து இரண்டாவதும் குறைவாக இருந்தால் உங்களுக்கு வேண்டியது அருகில் ஒரு செல். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மட்டும் விழுந்து கிடந்தால், பல கோபுரங்கள் உங்கள் இடத்தில் சமமாக மோதுகின்றன. அறைக்குள்ளேயே சில அடி நகர்ந்து, ஒரு கோபுரத்தை மட்டும் பார்க்கும் சன்னலுக்குப் போய்ப் பாருங்கள். பலம் குறைந்தாலும் விகிதம் கூடினால் பேச்சு தெளியும். விகிதமும் நன்றாக இருந்து வேகம் மட்டும் இல்லையென்றால் அது நெரிசல் அல்லது கோபுரத்துக்குப் பின்னாலுள்ள இணைப்பின் குறை. அலைவரிசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போது இந்த இரண்டு எண்களையும் செல் அடையாள எண்ணையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். எந்த ஆண்டெனாவைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் தேடத் தொடங்க அது போதும்.